எங்கள் செட்டில் யார் யார்?

பள்ளிக்கூடத்துச் சிநேகிதர்கள் தங்களை அறிமுகம் செய்துகொள்வது கடைசித் தேர்வு எழுதிய வருடத்தை வைத்துத்தான். நாங்கள் 96 செட். திண்டிவனத்துக்கும் விழுப்புரத்துக்கும் நடுவில், நெடுஞ்சாலையை விட்டு உள்ளே தள்ளியிருக்கும் ஓர் அரசு மேல்நிலைப் பள்ளியில் படித்து, 1996 மார்ச்சில் பிளஸ் டூ எழுதினோம். 2018இல் ‘96’ படம் வந்த கையோடு ஊருக்கு ஊர் வாட்ஸ்அப் குழு தொடங்கி, மண்டபம் பிடித்து, பழைய மாணவர்கள் கூடினார்கள் அல்லவா? நாங்களும் திண்டிவனத்தில் கூடினோம். ஆசிரியர்களுக்குச் சால்வை, மதியம் பிரியாணி, சாயங்காலம் குரூப் போட்டோ. 34 பேர் வரிசையாக நின்றோம்.

அன்றிரவு அந்தப் படத்தைச் செல்போனில் பெரிதாக்கி ஒவ்வொரு முகமாகப் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆறாம் வகுப்பு ‘அ’ பிரிவின் வருகைப் பதிவு எனக்கு இன்னும் மனப்பாடம். சார் பெயர் கூப்பிட, “உள்ளேன் ஐயா” என்று எழும் குரல் ஒவ்வொன்றும் காதில் இருக்கிறது. கண்ணை மூடி வரிசையாகச் சொல்லிப் பார்த்தேன். பாதிப் பெயருக்கு மேல் அந்தப் படத்தில் முகம் இல்லை.

எங்கே போனார்கள்? அப்போதே எங்களுக்குத் தெரியும். யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. எங்கள் பக்கம் வேர்க்கடலையை மல்லாட்டை என்போம். மல்லாட்டை பிடுங்கும் நாட்களில் கடைசி பெஞ்சுகள் காலியாகிவிடும். விதைக்கு உடைக்கும் காலத்தில் மரக்காலுக்கு இவ்வளவு என்று கூலி. அம்மாவோடு உட்கார்ந்து உடைத்துவிட்டு வருகிறவனின் கட்டைவிரல் தோல் உரிந்து சிவந்திருக்கும். பேனாவை ஆள்காட்டி விரலுக்கும் நடுவிரலுக்கும் இடையில் செருகிக்கொண்டு எழுதுவான். டி.எம்.வி. என்று தொடங்கும் மல்லாட்டை ரகங்கள் திண்டிவனம் ஆராய்ச்சி நிலையத்தில் உருவானவை, அந்த எழுத்துகளே திண்டிவனத்தைத்தான் குறிக்கின்றன என்று அறிவியல் ஆசிரியர் ஒருநாள் சொன்னார். வகுப்பே நிமிர்ந்து உட்கார்ந்தது. அந்த விதையை உடைத்த என் பக்கத்து இடத்துக்காரன் அன்றைக்கு வரவில்லை.

பெண் பிள்ளைகள் வயதுக்கு வந்ததும் நின்றார்கள். கரும்பு வெட்டு தொடங்கினால் குடும்பத்தோடு கிளம்பியவர்களில் சிலர் திரும்பவே இல்லை. 1993 செப்டம்பர் 30 அன்று தென்னாற்காடு மாவட்டம் பிரிந்து விழுப்புரம் தனி மாவட்டமானபோது நாங்கள் பத்தாம் வகுப்பு. நோட்டு அட்டையில் மாவட்டத்தின் பெயரை அடித்துத் திருத்தினோம். அதே வருடம், தேறமாட்டார்கள் என்று தோன்றிய ஏழெட்டுப் பேரைக் கூப்பிட்டு, “நீங்க பிரைவேட்டா எழுதிக்குங்க” என்று சொல்லி அனுப்பினார்கள். பள்ளியின் தேர்ச்சி விழுக்காடு உயர்ந்தது. காலை வழிபாட்டுக் கூட்டத்தில் அதற்காகக் கைதட்டினோம். நானும் தட்டினேன். அதை நினைத்தால் இன்றைக்கும் மனம் கூசுகிறது.

அந்த ஏழெட்டுப் பேரில் என் பக்கத்து இடத்துக்காரனும் ஒருவன். போன வருடம் விழுப்புரம் புதிய பேருந்து நிலையத்துக்கு வெளியே தள்ளுவண்டியில் கொய்யாப்பழம் விற்றுக்கொண்டிருந்தான். என்னை முதலில் அடையாளம் கண்டுகொண்டது அவன்தான்.

“போட்டோ பாத்தேண்டா. கணக்கு சாரு அப்படியே இருக்காரு.”

“நீ ஏண்டா வரல?”

“நான் எங்கடா பிளஸ் டூ எழுதுனேன்? அது உங்க செட்டு.”

பழத்தை நாலாகக் கீறி, உப்பும் மிளகாய்த்தூளும் தடவிக் கையில் கொடுத்தான். காசு வாங்கவில்லை.

எனக்கு ஏரியில் நீச்சல் பழக்கியவன் அவன். சைக்கிளில் என்னை முன்னால் உட்காரவைத்து ஐந்து வருடம் மிதித்தவன். பள்ளி நாட்கள் என்று நான் நினைத்துப் பார்க்கும் எதிலும் அவன் இல்லாமல் இல்லை. பிளஸ் டூவில் கூடவே இருந்த எத்தனையோ பேரின் முகம் எனக்கு மறந்துவிட்டது. படத்தில் அவர்கள் இருக்கிறார்கள், அவன் இல்லை. தேர்வு எழுதாதவனுக்கு, படித்த நாட்களை நினைத்துச் சந்தோஷப்படும் உரிமையும் இல்லாமல் போகுமா? அப்படித்தான் அவனை நாங்கள் நம்பவைத்திருக்கிறோம். யாரும் வேண்டுமென்று செய்யவில்லை. தேர்ச்சிப் பட்டியலைப் பார்த்து அழைப்பு அனுப்பினோம், அவ்வளவுதான்.

பிள்ளைகள் படிப்பைப் பாதியில் விடுவது பழைய கதை என்று தள்ளிவிடவும் முடியாது. கொரோனாவில் பள்ளிகள் மூடிக் கிடந்த பிறகு, விட்டுப்போன படிப்பை ஈடுசெய்ய ‘இல்லம் தேடிக் கல்வி’ திட்டத்தை 2021 அக்டோபர் 27 அன்று முதலமைச்சர் தொடங்கிவைத்தது எங்கள் மாவட்டத்தில், மரக்காணம் பக்கத்து முதலியார்குப்பத்தில். பழங்குடியினரான இருளர் வீட்டுப் பிள்ளைகளுக்குச் சாதிச் சான்றிதழ் கிடைப்பது இன்றும் பெரும்பாடு; அது இல்லாமல் மேற்படிப்பு பாதியில் நிற்கிறது. திண்டிவனத்தில் பேராசிரியர் பிரபா கல்விமணியும் பழங்குடி இருளர் பாதுகாப்புச் சங்கமும் பல ஆண்டுகளாக இதற்காகப் போராடி வருகிறார்கள்.

எங்களுடைய அடுத்த சந்திப்பு மே மாதம். இந்த முறை தலைமை ஆசிரியரிடம் அனுமதி கேட்டு, 1989ஆம் வருடத்துச் சேர்க்கைப் பதிவேட்டைப் பார்த்துப் பெயர்களை எழுதி வந்திருக்கிறோம். ‘அ’ பிரிவில் மட்டும் 63 பெயர். ஒவ்வொரு வீடாகப் போய் விசாரிக்கிறோம். நான்கு பேர் உயிரோடு இல்லை. கொய்யாக் கடைக்காரன் வருகிறேன் என்றான். அன்றைக்கு வியாபாரம் போய்விடுமே என்று அவன் மனைவிதான் யோசிக்கிறார். அதற்கும் ஒரு வழி செய்வோம்.

இந்த வருடம் பிளஸ் டூ முடித்து, சட்டையில் இங்க் தெளித்துக்கொண்டு பிரியப்போகும் பிள்ளைகளே, குரூப் போட்டோ எடுப்பதற்கு முன்னால் ஒரு காரியம் செய்யுங்கள். ஆறாம் வகுப்பில் உங்களோடு இருந்தவர்களின் பெயரை ஒரு தாளில் எழுதுங்கள். இப்போது கேட்டால் அவர்கள் இருக்கும் இடம் ஊரில் யாருக்காவது தெரிந்திருக்கும். போய்க் கூப்பிடுங்கள்.