மேக்ரோ செய்த தப்பு யார் கணக்கில்?

ஜூலை பிறந்துவிட்டால், பெங்களூருவில் காக்ஸ் டவுனை ஒட்டிய ஜீவனஹள்ளியில் வரிக்கணக்கு எழுதிக் கொடுப்பவர்களுக்கு மூச்சு விட நேரமிருக்காது. வருமான வரித்துறை தளத்திலிருந்து இறக்கிய எக்செல் கோப்பைத் திறந்து, 'எனேபிள் கன்டென்ட்' பட்டனைத் தட்டினால்தான் படிவம் உயிர் பெறும். பிறகு எல்லாம் அதற்குள் எழுதி வைத்திருக்கும் கட்டளைத் தொகுப்பான மேக்ரோவின் பாடு. விவரங்களைச் சரிபார்க்கும், விடுபட்டதைச் சுட்டும், கடைசியில் தாக்கல் செய்ய வேண்டிய கோப்பையும் எழுதித் தந்துவிடும். ஆனால், தான் அறிந்தவரை அத்தனையும் உண்மை என்ற உறுதிமொழி மட்டும் வரி கட்டுபவர் பெயரில்தான் இருக்கும். வேலை பார்த்தது மேக்ரோ, பொறுப்பு மனிதருக்கு.

இது சட்டத்தின் ஏற்பாடு. தர்மத்தின் ஏற்பாடும் இதுதானா?

2020 அக்டோபரில் இங்கிலாந்தில் இந்தக் கேள்வி பெரிதாக எழுந்தது. கொரோனா பரிசோதனை முடிவுகளைத் தொகுத்த பொதுச் சுகாதார அமைப்பு பழைய எக்ஸ்எல்எஸ் வடிவக் கோப்பைப் பயன்படுத்தியது. அதில் ஒரு தாளுக்கு 65,536 வரிசைகள்தான் கொள்ளும். மிஞ்சிய விவரங்கள் சத்தமில்லாமல் கழன்றுபோயின. 15,841 தொற்றாளர்கள் உரிய நாளில் கணக்கில் ஏறவில்லை. அவர்களோடு பழகியவர்களைத் தேடி எச்சரிக்கும் வேலையும் தள்ளிப்போனது. தொழில்நுட்பக் கோளாறு என்று விளக்கம் சொன்னார்கள். அந்த விளக்கத்தில் செய்தவர் என்று ஒருவருமே இல்லை.

வினைக்கு எண்ணமே வேர் என்பது பௌத்தத்தின் நிலை. கெடுக்க வேண்டும் என்று இங்கிலாந்தில் யாரும் நினைக்கவில்லை. ஆகவே கொடிய வினை என்று எதுவும் இல்லை எனலாம். சமணம் அவ்வளவு எளிதில் விடுவதில்லை. உமாஸ்வாதியின் தத்துவார்த்த சூத்திரம் இம்சைக்கு இலக்கணம் வகுக்கும்போது கவனமின்மையை அந்த இலக்கணத்துக்குள்ளேயே வைக்கிறது. உள்ளே தீய எண்ணம் இருந்ததா என்பதோடு அதன் விசாரணை முடிவதில்லை. பார்க்க வேண்டியதைப் பார்த்தாயா என்றும் கேட்கிறது. சைவ சித்தாந்தமோ வினையை ஜடம் என்கிறது. அறிவில்லாத பொருள் தானாகப் போய்ப் பயனை உரியவரிடம் சேர்க்காது. பெரிய புராணத்தில் சாக்கிய நாயனார் ஆராய்ந்து தெளிவதும் இதைத்தான்: வினை, அதைச் செய்பவன், அதன் பயன், பயனைக் கொடுப்பவன் என நான்கும் உண்டு.

இந்த நான்கில் மேக்ரோ எங்கே சேரும்? அது ஜடம். செய்பவன் என்ற இடத்தில் அதை உட்கார வைக்க முடியாது. அந்த இடம் எழுதியவருக்கும் ஓட்டியவருக்கும் உரியது. அப்படியானால் மேக்ரோ எழுதுவதில் தேர்ச்சி பெறுவது சம்பள உயர்வுக்கான வழி மட்டுமல்ல, தன் பெயரில் நடப்பதைத் தானே அறிந்திருக்கும் கடமையும்கூட.

நடைமுறையில் இது எவ்வளவு நுணுக்கமானது என்பதற்கு ஜிஎஸ்டி கணக்கே சாட்சி. மத்திய ஜிஎஸ்டி சட்டத்தின் 170-ஆவது பிரிவுப்படி, வரித்தொகையில் 50 காசும் அதற்கு மேலும் இருந்தால் அடுத்த ரூபாயாக்க வேண்டும். 1,812 ரூபாய் 50 காசு என்றால் 1,813. எக்செல் தாளில் ரவுண்ட் சூத்திரம் போட்டால் இந்த விடைதான் வரும். அதே ரவுண்டை மேக்ரோவுக்குள், விபிஏ மொழியில் எழுதினால் 1,812 வரும்! சரிபாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குத் தள்ளுவது விபிஏயின் வழக்கம். வங்கியாளர் முறை என்று அதற்குப் பெயர். 'ஒர்க்ஷீட்ஃபங்ஷன்.ரவுண்ட்' என்று எழுதியிருந்தால் தாளில் வரும் விடையே வந்திருக்கும். ஒரு சொல்தான் வித்தியாசம். தெரியாதவர் சட்டத்தை மீறுவது அவருக்கே தெரியாது.

தெரிந்தே செய்யும் தப்பும் உண்டு. 'ஆன் எரர் ரெஸ்யூம் நெக்ஸ்ட்' என்று ஒரு கட்டளை. பிழை வந்தாலும் கண்டுகொள்ளாமல் அடுத்த வரிக்குப் போ என்பது அதன் வேலை. ஓரிடத்தில் வரக்கூடிய பிழையை எதிர்பார்த்து அளவாகப் போட்டால் அது கருவி. எச்சரிக்கைப் பெட்டி தொல்லை தருகிறதே என்று மேக்ரோவின் தலையிலேயே போட்டு வைப்பது, சமணம் சொல்லும் அந்தக் கவனமின்மையை வேண்டுமென்றே நிறுவி வைப்பதுதான். இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். மேக்ரோ தாளை மாற்றி முடித்த பிறகு கன்ட்ரோல் ஜெட் அழுத்தினால் பழைய நிலைக்குத் திரும்பாது. செய்தது செய்ததுதான்.

எக்செல் 1993-இல் விபிஏயைச் சேர்த்துக்கொண்ட காலம் முதல் பலரும் மேக்ரோ கற்பது 'ரெக்கார்டு' பட்டனில் தொடங்குகிறது. கை செய்வதை அது பதிவு செய்யும். எதற்காகச் செய்தோம் என்பதைப் பதிவு செய்யாது. 40 வரிசை உள்ள தாளில் பதிந்த மேக்ரோவை அடுத்த மாதம் 55 வரிசை உள்ள தாளில் ஓட்டினால் கடைசி 15 வரிசைகள் அப்படியே விடுபடலாம். பிழைச் செய்திகூட வராது.

சாக்கியர் கதை இங்கே மறுபடி உதவுகிறது. பௌத்தராக இருந்து சிவனை நாடிய அவர், பௌத்தக் கோலத்தைக் களையாமல், நாள்தோறும் லிங்கத்தின் மேல் ஒரு கல்லை எறிந்துவிட்டுத்தான் உண்பார். ஊர் கண்ணுக்குக் கல், இறைவன் கணக்கில் மலர். ஒருநாள் மறந்து உண்ண அமர்ந்தவர், நினைவு வந்ததும் பசியோடு எழுந்து ஓடினார். மேக்ரோவை நேரம் குறித்து ஓடவிட்டால் அது ஒருநாளும் மறக்காது. ஆனால் அதனிடம் இருப்பது கல் மட்டுமே. மலராக்கிய மனம் எறிந்தவருடையது.

மாதச் சம்பளத்துக்குக் கணக்கு எழுதுபவரிடம் இவ்வளவு எதிர்பார்ப்பது நியாயமா என்று கேட்கலாம். செயற்கை நுண்ணறிவிடம் கேட்டால் நொடியில் மேக்ரோ எழுதிக் கொடுக்கும் காலத்தில் இந்தக் கேள்விக்கு வலு கூடுகிறது. எல்லாரும் மொழி முழுவதையும் கற்க வேண்டியதில்லைதான். ஆனால் ஓட்டுகிற மேக்ரோவை வரிக்கு வரி படிக்கத் தெரியாவிட்டால் கோப்பின் நகலில் மட்டுமே ஓட்ட வேண்டும். நான்கைந்து வரிசைகளைக் கையால் போட்டு ஒப்பிட வேண்டும். மொத்த வரிசை எண்ணிக்கை முன்னும் பின்னும் ஒன்றுதானா என்று பார்க்க வேண்டும். படிக்கத் தெரிந்தவர், அறிவிக்காத மாறிகளைக் காட்டிக்கொடுக்கும் 'ஆப்ஷன் எக்ஸ்ப்ளிசிட்' போட்டு, எஃப் 8 விசையால் ஒவ்வொரு வரியாக நடத்திப் பார்க்கலாம்.

மாதந்தோறும் ஜிஎஸ்டிஆர்-1 தாக்கல் செய்பவர்களுக்கு அடுத்த மாதம் 11-ஆம் தேதி கெடு. அதற்குள் உங்கள் மேக்ரோவைத் திறந்து, அதில் ரவுண்ட் எங்கெங்கே இருக்கிறது என்று ஒருமுறை தேடிப் பாருங்கள்.