இரு பாம்புகள், ஒரு பக்கம்

திருநெல்வேலியிலிருந்து சங்கரன்கோவிலுக்குப் போகிற சாலையில் இருக்கிறது பனவடலிசத்திரம். பெயரில் பனை வடலியும் இருக்கிறது, வழிப்போக்கர் தங்கும் சத்திரமும் இருக்கிறது. அந்த வழி போய்ச் சேரும் கோயிலின் தலபுராணத்தில் சங்கன், பதுமன் என இரண்டு நாக அரசர்கள் வருகிறார்கள். சிவனே பெரியவர் என்கிறான் சங்கன். திருமாலே பெரியவர் என்கிறான் பதுமன். கோமதியம்மன் தவமிருந்ததில் வலப்பாதி சங்கரனும் இடப்பாதி நாராயணனுமாக ஒரே உருவில் காட்சி கிடைக்கிறது. ஆண்டுதோறும் ஆடித்தபசுத் திருவிழா அந்தக் காட்சிக்குத்தான். சைவ வைணவ சமரசம் என்று ஒரு வரியில் சொல்லிவிட்டு நகர்வது நம் வழக்கம். ஆனால் கதைக்குள் அதைவிடக் கடினமான கேள்வி இருக்கிறது. பார்ப்பவருக்குப் பார்ப்பவர் தோற்றம் மாறுமானால், ஒரு பொருள் எதைக் கொண்டு ஒன்றாகிறது?

இந்தக் கேள்வியை இன்று அன்றாடம் சந்திப்பவர்கள் இணையதளம் வடிவமைப்பவர்கள். கடவுளையும் கம்ப்யூட்டரையும் ஒரே தட்டில் வைக்கலாமா என்று முகம் சுளிப்பவர்கள் உண்டு. வைக்கவில்லை, கேள்வி மட்டும்தான் பொது. வலைப்பக்கம் என்பது வரைந்து முடித்த படம் அல்ல. எழுத்தும் கட்டளைகளும்தான் நம்மிடம் வந்து சேர்கின்றன. குரோம், பயர்பாக்ஸ், சபாரி என்று ஒவ்வோர் உலாவியும் அவற்றுக்குத் தன் போக்கில் உருவம் கொடுக்கிறது. தொண்ணூறுகளின் இறுதியில் தமிழ்த் தளங்கள் பட்ட பாடு தனி. தளத்துக்கொரு எழுத்துரு, அது கம்ப்யூட்டரில் இல்லையென்றால் தலையங்கம் முழுவதும் புரியாத குறிகளாகக் கொட்டும். யுனிகோடு வடிவத்தை எழுத்துருவிடம் விட்டுவிட்டு, எழுத்தின் அடையாளத்துக்கு எண் கொடுத்தது. எப்படி நெளித்து எழுதினாலும் ‘க’ என்றால் 2965. தோற்றம் பலவாகலாம், பொருள் ஒன்று என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடைக்காது.

அப்படியானால் தோற்றத்தைப் பற்றிக் கவலையே வேண்டாமா? இங்கேதான் மறுபக்கம் வருகிறது. தமிழ் எண் ஒன்றான ‘௧’வுக்கு யுனிகோடில் 3047. கண்ணுக்கு இரண்டும் ஒன்று. கம்ப்யூட்டருக்கு வேறு வேறு. ஏமாற்று வேலை குடியிருக்கும் இடம் இது. 2017இல் ஒரு பாதுகாப்பு ஆய்வாளர் ஆப்பிள் நிறுவனத்தின் முகவரியைச் சிரிலிக் எழுத்துகளால் பதிவு செய்து காட்டினார். சில உலாவிகளின் முகவரிப் பட்டியில் அசலுக்கும் போலிக்கும் வித்தியாசமே தெரியவில்லை. ஆக, தோற்றம் மாறுவது குற்றமில்லை, தோற்றம் ஒத்திருப்பது சான்றும் இல்லை. எல்லா உலாவியிலும் பக்கம் அச்சுப் பிசகாமல் ஒரே மாதிரி தெரிய வேண்டும் என்று மெனக்கெடுபவர்கள், பெரும்பாலும் தவறான ஒருமையைத்தான் துரத்துகிறார்கள்.

எந்த உலாவியோடு வந்தாலும் பொருள் போய்ச் சேர வேண்டும் என்பதே சரியான ஒருமை. இதற்குப் பாதுகாப்புக்காரர்கள் சொல்லும் ஆட்சேபம் வலுவானது: எல்லோரையும் உள்ளே விட்டால் பழைய உலாவியோடு பழைய ஓட்டையும் உள்ளே வரும். உண்மைதான். 2020இல் பெரிய உலாவிகள் டிஎல்எஸ் 1.0, 1.1 ஆகிய பழைய மறையாக்க முறைகளைக் கைவிட்டது சரியான முடிவு. சத்திரமானாலும் இரவில் தாழ்ப்பாள் வேண்டும். ஆனால் தாழ்ப்பாளைக் காட்டி ஆளைத் திருப்பி அனுப்புவதற்கு முன் செய்ய வேண்டியது ஒன்று உண்டு. தளங்களுக்கு இலவசமாகப் பாதுகாப்புச் சான்றிதழ் தரும் லெட்ஸ் என்கிரிப்ட் அமைப்பு அதைச் செய்தது. அதன் சான்றிதழ்களுக்கு ஆதாரமாக இருந்த பழைய வேர்ச்சான்று 2021 செப்டம்பர் 30இல் காலாவதியாக இருந்தது. புதிய வேரை 7.1.1க்கு முந்தைய ஆண்ட்ராய்டு போன்களுக்குத் தெரியாது; அவை அப்போது மொத்த ஆண்ட்ராய்டு போன்களில் மூன்றில் ஒரு பங்கு. நம்பிக்கைப் பட்டியலைத் தன்னோடே கொண்டுவரும் பயர்பாக்ஸை அதே போனில் போட்டுக்கொண்டால் அப்போது பிரச்சினை இருக்கவில்லை. ஒரே கை, ஒரே போன். உலாவி மாறினால் நம்பிக்கையும் மாறுகிறது! ‘புது போன் வாங்கிக்கொள்ளுங்கள்’ என்று சொல்லி அவர்கள் கைகழுவியிருக்கலாம். பழைய ஆண்ட்ராய்டு வேர்ச்சான்றின் காலாவதித் தேதியைப் பார்ப்பதில்லை என்பதைப் பிடித்துக்கொண்டு, பழைய வேரின் உரிமையாளரான ஐடென்டிரஸ்டிடம், பழைய வேரே புதிய வேருக்குச் சாட்சி சொல்லும் மூன்றாண்டு குறுக்குக் கையொப்பம் வாங்கினார்கள். மறையாக்கம் கொஞ்சமும் தளரவில்லை. அந்த ஏற்பாடு 2024இல் முடிந்தது. புதிய வேரை அறிந்த ஆண்ட்ராய்டு போன்கள் 66 சதவீதத்திலிருந்து 93.9 சதவீதமாகிவிட்டன என்று அவர்கள் 2023லேயே கணக்குச் சொல்லியிருந்தார்கள்.