என்டரை அழுத்து, நண்பா!

ரீபூட் என்று அடித்துவிட்டாய். என்டரை அழுத்தக் கை வரவில்லை. சர்வர் பிராங்க்பர்ட்டில். புதிய லினக்ஸ் கர்னல் எழும்பாவிட்டால் ஓடிப்போய்ப் பொத்தானை அமுக்க முடியாது. ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று அழித்துவிடுகிறாய். இன்னும் எத்தனை அடுத்த வாரம்?

நீ தள்ளிப்போட்டால் ஆபத்து தள்ளிப்போகுமா? 2016-இல் அம்பலமான ‘டர்ட்டி கவ்’ ஓட்டை 2007 முதலே கர்னலுக்குள் ஒளிந்திருந்தது. 2022-இல் ‘டர்ட்டி பைப்’. இரண்டுமே சாதாரணப் பயனரை ரூட் ஆக்கிவிடக்கூடியவை. திருத்திய கர்னலை நிறுவிவிட்டு நிம்மதியாகத் தூங்காதே. ரீபூட் ஆகும்வரை ஓடுவது பழைய, ஓட்டையுள்ள கர்னல்தான்!

இடுப்பில் கயிறு கட்டிக்கொண்டு கிணற்றில் இறங்குகிறவனைக் கோழை என்பாயா? நீயும் கயிற்றைக் கட்டு. பழைய கர்னலை அழிக்காதே. பூட்லோடரான கிரப்பின் அமைப்புக் கோப்பில் டிஃபால்ட்டை ‘சேவ்டு’ என்று மாற்று, அப்டேட்-கிரப் ஓட்டு. கிரப்-செட்-டிஃபால்ட் கட்டளையால் பழைய கர்னலையே நிலையான தேர்வாக வை. பிறகு கிரப்-ரீபூட் கட்டளையில் புதிய கர்னலைச் சொல். உபுண்டுவில் பழையது துணைமெனுவுக்குள் இருக்கும். பழையதைக் குறிப்பிடும்போது அந்த மெனுவின் பெயரையும் சேர்த்துக் கொடு.

இந்த ஏற்பாட்டின் அழகைப் பார்! கிரப்-ரீபூட் தேர்வு ஒரே ஒரு பூட்டுக்குத்தான். கர்னலை ஏற்றும் முன்பே கிரப் அந்தக் குறிப்பை அழித்துவிடும். அடுத்த முறை பழைய கர்னல். நீ தவறக்கூடும் என்று எதிர்பார்த்தே செய்து வைத்திருக்கிறார்கள். பிறகு உனக்கென்ன நடுக்கம்?

ஒன்றை மட்டும் முதலிலேயே பார்த்துவிடு. பூட் பகுதி எல்விஎம்மிலோ மென்பொருள் ரெய்டிலோ இருந்தால் கிரப்பால் படிக்க முடியும், எழுத முடியாது. குறிப்பு அழியாது, ஒருமுறை என்று நீ நினைத்தது ஒவ்வொரு முறையும் ஆகிவிடும். அங்கே ஐபிஎம்ஐ கன்சோல் கையில் இல்லாமல் தொடாதே. இது பயம் இல்லை, தொழில் தெரிந்தவனின் நிதானம்.

கர்னல் பானிக் ஆனால்? சும்மா விட்டால் அப்படியே உறைந்து நிற்கும். அப்டேட்-கிரப் ஓட்டும் முன்பே கர்னல் வரியில் ‘பானிக்=30’ சேர்த்துவிடு; 30 விநாடியில் தானே ரீபூட் ஆகிப் பழைய கர்னலுக்கு வந்துவிடும். நெட்வொர்க் டிரைவர் மட்டும் காலை வாரினால் பானிக் வராது, நீயும் உள்ளே போக முடியாது. அதற்குக் கிரானில் ஒரு வரி: எழுந்த 10 நிமிடத்தில் மறுபடி ரீபூட். ‘யூநேம் -ஆர்’ புதிய எண்ணைக் காட்டினால் மட்டும் என்ற நிபந்தனை கட்டாயம் வேண்டும், இல்லாவிட்டால் பழைய கர்னலும் சுற்றிச் சுற்றி ரீபூட் ஆகும்.

இத்தனையும் செய்தவன் சூதாடவில்லை. திமிரோடு அழுத்து! பிங் நின்றுபோகும் அந்தச் சில நிமிடங்கள் நெஞ்சு அடிக்கும், அடிக்கட்டும். எஸ்எஸ்ஹெச் திறந்ததும் ‘யூநேம் -ஆர்’ அடி. புதிய எண் தெரிந்தால் உடனே அந்தக் கிரான் வரியை நீக்கு, காத்திருக்கும் அதன் வேலையையும் நிறுத்து. சேவைகள் எல்லாம் ஓடுகின்றனவா என்று பார்த்துவிட்டு, கிரப்-செட்-டிஃபால்ட்டைப் புதிய கர்னலுக்கு மாற்று. இன்றிரவே செய்!