மெட்டு யாருக்குச் சொந்தம்?

பாட்டைக் கேட்டவுடன் "எழுதியவர் யார்?" என்று விசாரிக்கிறோம். "இந்த மெட்டு யாருடையது?" என்று விசாரிப்பவர் அபூர்வம்.

எங்கள் கீழப்பழுவூர்ப் பக்கத்துத் திருவிழாக்களில் கரகாட்டம் வந்தால் கூடவே நையாண்டி மேளமும் வரும். நாயனம், தவில், பம்பை, தமுக்கு, தாளம். தலைமேல் கரகம் அசையாது. கீழே கால் நிற்காது. அந்தக் காலை ஆட்டிவைக்கும் மெட்டுகளில் பெரும்பாலானவற்றை யார் கட்டினார்களோ! அப்பன் வாசிக்க மகன் கேட்டான், அவ்வளவுதான்.

இது பழைய வழக்கு. எங்களூர்க் கோயிலைப் பற்றி ஞானசம்பந்தர் பாடிய பதிகத்துக்குப் பண் இந்தளம். பாடியவர் பெயர் கடைசிப் பாட்டிலேயே இருக்கிறது. பண்ணைக் காத்தவர்? தேவாரப் பண்கள் வழக்கொழிந்தபோது எருக்கத்தம்புலியூரில், யாழ்ப்பாணர் மரபில் வந்த ஒரு பெண்ணைக் கொண்டு அவற்றை மீட்டார்கள் என்கிறது திருமுறைகண்ட புராணம். ஊர் தெரிகிறது, மரபு தெரிகிறது. அவள் பெயர் தெரியவில்லை.

கடலுக்கு அப்பாலும் இதே கதைதான். அமெரிக்காவில், கென்டக்கி மலைநாட்டில் பில் ஸ்டெப் என்று ஒரு பிடில்காரர். மற்றவர்கள் மெதுவாக வாசித்த பழைய நடைமெட்டு ஒன்றை அவர் துள்ளாட்டமாக்கி வாசித்தார். 1937இல் ஆலன் லோமாக்ஸ் அதை ஒலிப்பதிவு செய்தார். 1942இல் ஆரன் கோப்லாண்ட் தம் 'ரோடியோ' என்ற நாட்டிய நாடகத்தில் ஏறக்குறைய அப்படியே எடுத்தாண்டார். உலகம் கோப்லாண்டை அறியும். ஸ்டெப்பை அறிந்தவர் சிலரே.

"மெட்டை ஸ்டெப் கட்டவில்லையே! பொதுச் சொத்துக்கு யாரிடம் கடன்படுவது?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆற்று நீர் ஒருவருக்குச் சொந்தமில்லைதான். ஆனால் வாய்க்கால் வெட்டி அதை நம் வயலுக்குக் கொண்டுவந்தவனுக்கு நாம் ஒன்றும் படவில்லையா? உரிமை வேறு, கடன் வேறு. உரிமை இல்லாத இடத்திலும் கடன் உண்டு.

எழுத்தாளனுக்கும் இந்தக் கணக்கு உண்டு. அட்டையில் இருப்பது என் பெயர். உள்ளே இருக்கும் பேச்சில் பாதி ஊராருடையது.

இந்தக் கடனை அடைக்கப் பணம்கூட வேண்டாம். யாரிடம் கேட்டோம் என்று சொன்னால் போதும். திருவிழா நோட்டீசில் உபயதாரர் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. நாயனக்காரர் பெயருக்கு ஒரு வரி ஒதுக்கினால் என்ன குறைந்துவிடும்? கூலி, வாசித்த கைக்குச் சேரும். அந்த ஒரு வரி, அவருக்கு வாசித்துக் காட்டியவர்களுக்கும் சேரும்.