பிள்ளையின் பங்கைத் தாய் விட்டுக்கொடுக்கலாமா?

தலாக் வழக்கு ஜமாஅத்துக்கு வந்தால், நம் மதுரைப் பக்கத்து மஹல்லாக்களில் எழுதப்படும் முச்சலிக்காவில் ஒரு வாசகத்தை அடிக்கடி காணலாம். பிள்ளை தாயிடம் இருக்கும். அதற்கு ஈடாக, பிள்ளைச் செலவென்று தகப்பனிடம் அவள் இனி எதுவும் கேட்கமாட்டாள் என்பதே அது. இரு தரப்பும் கையெழுத்திட, பைசல் முடிந்ததென்று சபை கலைகிறது. நஷ்டமடைந்தவனோ சபைக்கு அழைக்கப்படவே இல்லை. அவன் தொட்டிலில் கிடக்கிறான்.

மஹர் மனைவியின் சொத்து. மனமொப்பி அவள் விட்டுக்கொடுக்கலாம். ஸாபித் இப்னு கைஸ் (ரலி) அவர்களின் மனைவி குல்உ கேட்டு வந்தபோது, மஹராகப் பெற்ற தோட்டத்தைத் திருப்பித் தரச் சம்மதமா என்று நாயகம் (ஸல்) அவர்கள் வினவினார்கள், அவர் இசைந்தார். தன்னுடையதைத்தான் கொடுத்தார். பிள்ளையின் சோறும் துணியும் தாயின் சொத்தல்லவே!

அது தகப்பன்மீது பிள்ளைக்குள்ள ஹக்கு. பிள்ளையைக் காரணமாக்கித் தாயையோ தகப்பனையோ துன்புறுத்தலாகாதென்று பகரா அத்தியாயத்தின் 233-ஆம் வசனம் தடுக்கிறது. பணம் கேட்காவிட்டால்தான் பிள்ளை உனக்கு என்பது வேறென்னவாம்? மேலும், ஹனஃபி மத்ஹபில் மகன் ஏழு வயது வரையும், மகள் பருவமடையும் வரையும் தாயின் பராமரிப்பில் இருக்க வேண்டியவர்கள். தாய்க்கு ஏற்கெனவே உள்ள உரிமையைத் தாய்க்கே விலைக்கு விற்கும் வியாபாரம் இது!

பிள்ளைச் செலவைத் தாய் ஏற்கும் நிபந்தனையில் குல்உ செல்லுமென்று ஃபிக்ஹு நூல்களில் உள்ளதே என்று ஆலிம்கள் சிலர் கேட்கக்கூடும். செல்லும். ஆனால் தாய்க்கு வசதியற்றுப் போனால் தகப்பனே கொடுக்க வேண்டும். பின்னர் அவளிடம் அதைக் கடனாகக் கேட்கலாமேயன்றிப் பிள்ளையைப் பட்டினி போடலாகாதென்றும் அங்கே உள்ளது. முச்சலிக்கா எழுதுவோர் முதல் பாதியோடு கிதாபை மூடிவிட்டார்கள் போலும்.

நாட்டின் சட்டமும் இவ்விஷயத்தில் இதையே சொல்கிறது. தலாக் பெற்ற தாய் பிள்ளைக்காக இரண்டாண்டுதான் பணம் பெறலாமென்று 1986-ஆம் ஆண்டுச் சட்டத்தைக் காட்டிப் பாட்னா உயர்நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நூர் சபா காத்தூன் வழக்கில் 1997-இல் சுப்ரீம் கோர்ட் அதை மாற்றியது. அந்த இரண்டாண்டு தாயின் உரிமை. பிள்ளையின் உரிமை தனியானது. மேஜராகும் வரையும், பெண்ணாயின் திருமணம் வரையும் அது நீடிக்குமென்றது. 2024 அக்டோபரில் நம் மதுரைக் கிளையும் திருநெல்வேலி வழக்கொன்றில், பிள்ளைக்கு மாதம் 25,000 ரூபாய் தரவேண்டுமென்ற உத்தரவை உறுதிசெய்தது. ஷரீஅத் கவுன்சில் தனியார் அமைப்பேயன்றி நீதிமன்றமாகாது என்றும் கூறியது. இந்தக் கூற்று நம்மில் பலருக்குக் கசக்கிறது. பிள்ளையின் பங்கை அழித்து எழுதும் சபைகள் இருக்கும்வரை கசக்கத்தான் செய்யும்.

ஏழைத் தகப்பன் என்ன செய்வான்? வசதிக்கேற்பச் செலவிடட்டுமென்பதே தலாக் அத்தியாயம் 7-ஆம் வசனத்தின் கருத்து. கொத்தனாரிடம் டாக்டரின் தொகையை யாரும் கேட்கவில்லை. ஆனால் அவனால் இயன்ற தொகை, கொடுக்கும் தேதி, பள்ளிச் சம்பளம், பெருநாள் துணி ஆகியவை மஹர் கணக்கோடு கலவாமல், பிள்ளையின் பெயரில் தனி வரியாக முச்சலிக்காவில் எழுதப்படட்டும். அதிலும் குறைந்தால் பைத்துல்மாலிலிருந்து ஜமாஅத் ஈடுசெய்யட்டும்.