செம்மழையும் விவேகமும்

2001-ஆம் ஆண்டு ஜூலை 25-ஆம் தேதி, கேரளத்தின் கோட்டயம் மாவட்டத்துச் சங்ஙனாச்சேரியில் செந்நிற மழை பெய்தது. வெளுத்து உலர்த்தியிருந்த துணிகளில் சிவப்பேறியது. மழைக்குச் சற்று முன்னர்ப் பேரிடி போன்ற ஓசையும் ஒளியும் தோன்றியதாக ஊர் மக்கள் கூறினர். மரங்கள் கருகிய இலைகளை உதிர்த்தன என்றும், கிணறுகள் திடீரெனத் தோன்றின, மறைந்தன என்றும் செய்திகள் சேர்ந்துகொண்டன. செப்டம்பர் வரை மாநிலத்தின் பல பகுதிகளில் விட்டுவிட்டு இந்நிகழ்ச்சி தொடர்ந்தது. ஓரிடத்தில் சிவப்பு மழை பொழிய, சில அடி தூரத்தில் வழக்கமான மழையே பெய்யும். பெரும்பாலும் இருபது நிமிடங்களுக்குள் எல்லாம் முடிந்துவிடும்.

பெரும்போருக்கும் பேரழிவுக்கும் முன் தோன்றும் உற்பாதங்களுள் இரத்த மழையும் ஒன்று என்று இதிகாசங்கள் பேசும். அந்த மரபில் வளர்ந்த உள்ளம் முதற்கண் அஞ்சுவது இயல்பே. ஆராயப் பழகிய உள்ளமும் முதற்கணத்தில் வானத்தையே நோக்கியது என்பதுதான் இங்கே கவனிக்கத் தக்கது. திருவனந்தபுரம் ஆக்குளத்தில் இருக்கும் புவி அறிவியல் ஆய்வு மையம் (இன்று அது தேசிய மையம்), எரிகல் ஒன்று வெடித்துச் சிதறியதன் துகள்களே மழையில் கலந்திருக்கக் கூடும் என்று முதலில் அறிவித்தது. இடியோசை, ஒளி, சிவப்பு ஆகிய மூன்றுக்கும் அந்த ஒரு விளக்கம் பொருந்தியது.

சில நாட்களில் அதே மையம் அக்கருத்தைக் கைவிட்டது. நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தபோது, நீரில் இருந்தவை கல்தூளைப் போல் அல்லாமல் உயிரினத்தின் நுண்வித்துகளைப் போல் காணப்பட்டன. மேலும், எரிகல்லின் துகள் உயர்வானிலிருந்து காற்றுக்கு அலையாமல் நாள்தோறும் ஒரே வட்டாரத்தில் இறங்கிக்கொண்டிருக்க வழியில்லை. ஊரறியச் சொன்னதை ஊரறியத் திரும்பப் பெறுவது எளிதன்று. தான் உரைத்ததைக் காப்பதா, உள்ளதைக் காப்பதா என்ற கேள்வி எழும்போது முன்னதையே பற்றிக்கொள்வது மனித இயல்பு. சத்தியம் என்பதைப் பொய் பேசாமை என்ற அளவில் நிறுத்திக்கொள்வோர் பலர். சொன்னது தவறென்று தெரிந்த அன்றே அதை விட்டுவிடுவதும் சத்தியத்தின் பகுதி. ஒருவேளை கடினமான பகுதி அதுவே.

மழைநீர் பாலோட்டுக்குச் சென்றது. திருவனந்தபுரத்திலிருந்து செங்கோட்டைக்குச் செல்லும் சாலையில், நெடுமங்காட்டைக் கடந்து வரும் ஊர் அது; 1979-இல் தொடங்கப்பட்ட வெப்பமண்டலத் தாவரவியல் பூங்கா மற்றும் ஆராய்ச்சி நிறுவனம் அங்கே உள்ளது. அங்குள்ள ஆய்வாளர்கள், பாசியும் பூஞ்சையும் வளரத்தக்க ஊட்டக் கரைசலில் அத்துகள்களை வளர்த்தனர். முளைத்தது டிரென்டிபோலியா என்னும் பாசி. ஆகஸ்டு 16-ஆம் தேதி சங்ஙனாச்சேரிக்கு நேரில் சென்று பார்த்தபோது, ஏறத்தாழ எல்லா மரங்களிலும், பாறைகளிலும், தெருவிளக்குக் கம்பங்களிலும்கூட அப்பாசியைக் கொண்ட லைக்கன்கள் படர்ந்திருந்தன. எரிகல்லின் தூளோ, எரிமலைச் சாம்பலோ, பாலைவனப் புழுதியோ மழைநீரில் இல்லை என்று நவம்பரில் வெளிவந்த கூட்டறிக்கை கூறியது.

டிரென்டிபோலியா வகையால் பச்சைப் பாசி, கண்ணுக்கோ செம்மஞ்சள். கேரளத்துத் தென்னை மரங்களிலும் பழைய மதில்களிலும் காவி பூசினாற்போல் படர்ந்திருப்பது பெரும்பாலும் இதுவே. கடும் வெயிலிலிருந்து தன்னைக் காத்துக்கொள்ள, காரட்டுக்கு நிறம் தரும் நிறமியின் இனத்தை இது தன்னுள் சேர்த்து வைக்கிறது. ராஜஸ்தானத்துச் சாம்பர் உப்பேரியில் வாழும் டுனாலியெல்லா என்னும் பாசியும் இவ்வாறே சிவக்கிறது.

பாசியும் பூஞ்சையும் ஓருடலாய் வாழும் வாழ்வே லைக்கன். செட்டிநாட்டுச் சமையலில் மணத்துக்காகச் சேர்க்கும் கல்பாசியும் ஒரு லைக்கன்தான். பாசி ஒளியிலிருந்து உணவு ஆக்குகிறது. பூஞ்சை இடம் பற்றிக்கொண்டு ஈரத்தைத் தேக்குகிறது. தனித்தனியே இரண்டும் வாழ இயலாத வெறும் பாறையில் சேர்ந்து வாழ்கின்றன. நீர் வற்றினால் உயிர்ச்செயல் அனைத்தும் ஏறக்குறைய அடங்கிவிடும். மழை பட்டதும் மீண்டும் தொடங்கும். அண்டார்க்டிகாவில் இந்தியாவின் மைத்ரி ஆய்வு நிலையம் அமைந்துள்ள ஷிர்மாக்கர் பகுதியின் பாறைகளிலும் லைக்கன்கள் உண்டு. 2005-ஆம் ஆண்டு ஐரோப்பிய விண்வெளி முகமை இரண்டு வகை லைக்கன்களை ரஷ்ய விண்கலம் ஒன்றில் அனுப்பி, சுமார் இரண்டு வாரம் காற்றில்லாப் பெருவெளியிலும் மறைப்பற்ற சூரிய ஒளியிலும் திறந்து வைத்தது. பூமிக்குத் திரும்பிய பின்னரும் அவை உயிருடன் இருந்தன.

இவ்வளவு தாங்கும் உயிர் இருக்கும்போது, சிவப்பு மழையின் துகள்கள் விண்ணிலிருந்தே ஏன் வந்திருக்கக் கூடாது? கோட்டயத்து மகாத்மா காந்தி பல்கலைக்கழகத்தின் இயற்பியலாளர் காட்ஃப்ரே லூயிஸும் சந்தோஷ் குமாரும் இக்கேள்வியையே எழுப்பினர். 2006-இல் வெளியான அவர்களது கட்டுரை, அவை வேற்றுலக உயிரணுக்களாக இருக்கலாம் என்றது. உயிரின் வித்துகள் விண்வெளியில் பரவிக்கிடக்கின்றன என்ற கொள்கைக்காக நெடுங்காலம் வாதிட்ட, கொழும்பில் பிறந்த சந்திரா விக்கிரமசிங்கவும் அதில் ஆர்வம் கொண்டார். 300 டிகிரி வெப்பத்தில் அவ்வணுக்கள் பெருகின என்றும் லூயிஸ் தரப்பில் கூறப்பட்டது. உயிர் பெருகுவதாக இதுவரை அறியப்பட்ட உச்ச வெப்பம் சுமார் 122 டிகிரி.

இக்கேள்வியை எள்ளி நகையாடியோர் உண்டு, அது முறையன்று. கேள்வி கேட்பது குற்றமாயின் உபநிடதங்களே தோன்றியிரா. ஆனால் நிகழக்கூடியது வேறு, நிகழ்ந்தது வேறு. லைக்கன் விண்வெளியைத் தாங்கும் என்பது உண்மை. அதனால் சங்ஙனாச்சேரியில் விழுந்தது விண்ணிலிருந்து வந்தது என்று ஆகிவிடாது. பின்னர் நடந்த ஆய்வுகளில் அவ்வணுக்களில் மண்ணுலக உயிர்களுக்குரிய டி.என்.ஏ. இருப்பது தெரிந்தது. 2015-இல் பஞ்சாப் மத்தியப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் மரபணு ஒப்பீட்டின் வழியே, அது ஆஸ்திரியாவிலும் காணப்படும் டிரென்டிபோலியா இனமே என்று காட்டினர்.

வேதாந்தம் இதற்கு ஒரு பெயர் வைத்திருக்கிறது: அத்தியாரோபம். ஒன்றின்மேல் அதில் இல்லாத வேறொன்றை ஏற்றிக் காணுதல். மங்கிய ஒளியில் கயிற்றைப் பாம்பாகக் காண்பது அதன் பழைய எடுத்துக்காட்டு. அங்கே ஏற்றுவது அச்சம். ஆசையும் அப்படியே ஏற்றும் என்பதைப் பலர் எண்ணிப் பார்ப்பதில்லை. கயிறு பாம்பாவது போலவே, கிளிஞ்சல் வெள்ளியாகவும் தோன்றும். சிவப்பு மழையில் ஒருவர் கேட்டினைக் கண்டார், மற்றொருவர் வேற்றுலக விருந்தினரைக் கண்டார். இருவர் வாசலிலும் பாசி படர்ந்திருந்தது.

கேரளத்துக் காலடியில் பிறந்த ஆதிசங்கரர், நேரில் கண்டு அறியத்தக்க பொருளில் அக்காட்சிக்கு மாறாக வேத வாக்கியத்தையும் பிரமாணமாகக் கொள்ள இயலாது என்ற கருத்தைத் தமது கீதை உரையில் நிறுவுகிறார். வேதத்தைத் தலைமேல் வைத்துப் போற்றியவர் அவர். எதை எந்தக் கருவியால் அறிய வேண்டுமோ அதனால் அறிவதே வேதத்துக்குச் செய்யும் மரியாதை என்று அவர் கருதினார். சாதகருக்கு இது ஏட்டுப் பாடம் அன்று. தியானத்தில் தோன்றும் ஓர் ஒளி, கனவில் கேட்கும் ஒரு குரல், பூசையறையில் விழுந்த ஒரு மலர் ஆகியவற்றை உடனே மேலிருந்து வந்த அடையாளமாகக் கொள்ளும் மனம், செம்மழையை எரிகல்லாகக் கொண்ட மனத்திலிருந்து வேறானதன்று. களைப்பா, வெளிச்சமா, காற்றா என்று முதலில் பார்ப்பது இறைவனை அவமதிப்பதாகாது.

விளக்கம் வந்ததும் வியப்பு போய்விடுமே என்பார்கள். எரிகல் என்று நினைத்தபோது அண்ணாந்து பார்த்து வியந்தனர். பாசி என்று தெரிந்தபின் அந்த வியப்பு செல்ல வேண்டிய இடம் தென்னையின் அடிமரம். அங்கே அது செல்லவில்லை என்றால், வியந்தது எதை என்று கேட்க வேண்டியிருக்கிறது.

இன்னொரு தவறும் பக்தி நெஞ்சத்துக்கு எளிதில் நேரும். வெறும் பாறையில் உணவின்றி, நீரின்றி அசையாதிருக்கும் லைக்கனை தவசி என்று பாடிவிடத் தோன்றும். உவமையாக அது அழகுதான். உண்மையாகக் கொண்டால் அதுவும் அத்தியாரோபமே. தவம் என்பது, வேறு வழி இருக்கும்போது ஒருவர் தேர்ந்து ஏற்கும் துன்பம். லைக்கனுக்குத் தேர்வு இல்லை. அதன் மேல் காவி போர்த்தாமல், அது இருக்கிறபடியே கண்டு மதிப்பதற்குக் கூடுதல் பொறுமை வேண்டும்.

2001-ஆம் ஆண்டின் கூட்டறிக்கை வேறொன்றையும் மறைக்காமல் எழுதி வைத்தது. முந்தைய வாரங்களின் கனமழையால் லைக்கன்கள் செழித்து வளர்ந்திருக்கலாம். ஆனால் இத்தனை வித்துகளும் ஒரே காலத்தில் வெளிப்பட்டது எவ்வாறு, அவை மேகத்தினுள் ஏறியது எவ்வாறு என்பவற்றுக்கு நிறைவான விடை கிட்டவில்லை என்று அது ஒப்புக்கொண்டது. கடல் கடந்து மேகங்களின் வழியே வித்துகள் வந்திருக்கலாம் என்று 2015-இன் ஆய்வாளர்கள் ஒரு கருத்தை முன்வைத்தனர். நிறம் எதனால் என்பது தெளிந்தது. அத்தனை வித்துகள் மேலே சென்ற வழி ஆராயப்பட வேண்டியதாகவே நிற்கிறது.