தேய்ந்து பூசும் வளையம்

ஹைட்ரஜன் கம்ப்ரசரின் சிலிண்டருக்குள் எண்ணெய் விட முடியாது. எரிபொருள் மின்கலக் காருக்குப் போகும் வாயு 99.97 சதவீதம் தூய்மையாக இருக்க வேண்டும் என்கிறது ஐ.எஸ்.ஓ. 14687 தரநிலை. கந்தகம் நூறு கோடியில் நான்கு பங்கைத் தாண்டக் கூடாது. எண்ணெய் ஆவி போய்ச் சேர்ந்தால் மின்கலத்தின் பிளாட்டினம் வினையூக்கி கெடும். ஆகவே சிலிண்டரின் உருக்குச் சுவரில் பிஸ்டனின் டெஃப்லான் ரிங் உலர்ந்தே உரசுகிறது, மணிக்கணக்காக, நாள்கணக்காக.

*

பிரித்துப் போட்ட கம்ப்ரசரில் என் கண் முதலில் தேடுவது சிலிண்டர் சுவரைத்தான். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தால் பிஸ்டன் போய்வரும் தடம் முழுக்க மங்கலான கருஞ்சாம்பல் பூச்சு தெரியும். துணியால் துடைத்தாலும் வராது. அத்தனையும் ரிங்கிலிருந்து போனது. சிலேட்டில் பலப்பம் தன்னையே இழைத்து விடுவதுபோல, டெஃப்லான் தன் மேற்பரப்பை இழையிழையாக உருக்கின்மேல் விட்டுவிடுகிறது. அதன்பின் உரசல் டெஃப்லானுக்கும் டெஃப்லானுக்கும்தான். ரிங் பிழைப்பது அந்தப் பூச்சினால்.

கலப்பில்லாத டெஃப்லான் மிக வேகமாகத் தேயும். கார்பன் இழையோ கிராஃபைட்டோ வெண்கலத் தூளோ கலந்தால் தேய்மானம் நூறு மடங்குக்கும் மேல் குறைகிறது. சுவர் சொரசொரப்பாக இருந்தால் ரிங்கை அரம்போல ராவும். கண்ணாடிபோல வழவழப்பாக இருந்தாலோ பூச்சு பிடிக்க இடமில்லை.

*

காற்றுக்கு இந்த உரசலில் இவ்வளவு வேலை இருப்பது, காற்றை அகற்றிய பிறகுதான் தெரிகிறது. உரசலில் உருக்கின் ஆக்ஸைடு படலம் உரிந்தால், காற்றிலுள்ள ஆக்ஸிஜன் கணப்பொழுதில் மறுபடியும் அதை உண்டாக்கிவிடும். ஹைட்ரஜனுக்குள் அது நடப்பதில்லை. வெற்று உலோகம் வெற்று உலோகமாகவே நிற்கிறது. டெஃப்லான் பக்கமும் இதே கதை. அலுமினாத் தூள் கலந்த டெஃப்லானில், உரசலில் அறுந்த மூலக்கூறுச் சங்கிலியின் முனைகளோடு ஆக்ஸிஜனும் ஈரமும் சேர, உலோகத்தைப் பற்றிக்கொள்ளும் அமிலத் தொகுதிகள் உருவாகின்றன. பூச்சை ஒட்டவைப்பவை அவைதான். ஈரமே இல்லாத சூழலில் அதே பொருள் பல மடங்கு வேகமாகத் தேய்கிறது.

ஃபுகுவோகாவில் கியூஷு பல்கலைக்கழகத்திலும் பெர்லினில் பாம் என்கிற பொருளாய்வு நிறுவனத்திலும், ஹைட்ரஜன் நிரப்பி மூடிய கலத்துக்குள் பாலிமரை உலோகத்தில் உரசிப் பார்த்துவருகிறார்கள். வாயுவில் பத்து லட்சத்தில் சில பங்கு ஈரம் கூடினாலோ குறைந்தாலோகூடத் தேய்மானம் மாறுகிறது. ரிங்கும் அதேதான், உருக்கும் அதேதான். இதைப் படித்தபோது எனக்கு உண்டான வியப்பு இன்னும் அடங்கவில்லை.

*

எண்ணெய் விட முடியாத இன்னோர் இடம் திரவ ஹைட்ரஜன்; அது மைனஸ் 253 டிகிரி செல்சியஸில் இருக்கிறது. எந்த எண்ணெயும் அங்கே கல்லாக உறைந்துபோகும். அமெரிக்க விண்வெளி ஓடத்தின் முதன்மை எஞ்சினில் ஹைட்ரஜன் பம்பு நிமிடத்துக்கு ஏறத்தாழ 35,000 சுற்று சுழன்றது. அதன் பேரிங்கில் குண்டுகளைப் பிடித்திருந்த கூடு, கண்ணாடி இழைத் துணியில் டெஃப்லான் ஊட்டிச் செய்தது. குண்டு கூட்டில் உரசும், கொஞ்சம் டெஃப்லானை எடுத்துக்கொள்ளும், ஓடுபாதையில் பூசும். அங்கே இருந்த மசகு அவ்வளவுதான். கூட்டின் தேய்மானம் நின்றிருந்தால் பேரிங் பிடித்துக்கொண்டிருக்கும்.

*

வாயு கசியாமல் அடைக்கும் சீலான ரப்பர் ஓ-ரிங்கின் பாடு வேறு. அழுத்தத்தில் ஹைட்ரஜன் அதற்குள் கரைகிறது, ரப்பர் வீங்குகிறது. அழுத்தத்தைச் சட்டென்று இறக்கினால் உள்ளே கொப்புளம் விட்டு வெடிக்கிறது. வலுவுக்காகச் சேர்க்கும் கரித்தூள் ஹைட்ரஜனைக் கூடுதலாகப் பிடித்துவைக்கிறது. சிலிக்கா அப்படிச் செய்வதில்லை.

வீங்கிய ரப்பர் தன்னுள் நகரும் தண்டை இறுக்கும். அமெரிக்காவின் ரிச்லண்டில் உள்ள பசிபிக் நார்த்வெஸ்ட் தேசிய ஆய்வுக்கூடத்தில், சுமார் 28 மெகா பாஸ்கல் ஹைட்ரஜனுக்குள்ளேயே உரசி அளந்தபோது, நைட்ரைல் ரப்பரின் உராய்வு காற்றில் இருந்ததைவிடக் கூடியிருந்தது. வெளியே எடுத்துவந்து அளந்தால் கரைந்த வாயு போய்விடும், வீக்கமும் வடிந்துவிடும். அந்தக் கூடுதல் உராய்வு அளவில் தெரியாது. காற்றில் எடுத்த எண்ணை வைத்து ஹைட்ரஜன் சீலைத் தேர்ந்தெடுப்பது சரியல்ல என்பது என் உறுதியான எண்ணம். அதனால் விலைப்பட்டியலோடு வருகிறவரிடம் நான் கேட்பது ஒன்றுதான்: எந்த வாயுவில், எத்தனை அழுத்தத்தில், எவ்வளவு ஈரத்தில் அளந்தீர்கள்?